ஸ்பானர் யார் கையில்

எங்க காலனிக்கு வர்ற ரோட்டுல, தார் ஊர்த் தண்ணி டேங்கோட நின்னுடும். அதுக்கப்புறம் முக்கால் கிலோமீட்டர் சல்லியும் பள்ளமும்தான். அதைத் தினம் நாலு தடவை தாண்டுகிற காரில் முதலில் போவது என்ஜின் இல்லை. முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும் பால் ஜாயிண்டும்தான்.

எங்களுடையது மாருதி 800. 1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கி, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன வண்டி. எங்கள் கைக்கு வருமுன் மூன்று பேரிடம் இருந்தது. எங்க தெருவுக்கு இது ஒண்ணுதான் கார். ராத்திரியில் பிரசவ வலி என்றாலும், யாரையாவது பாம்பு கடித்தாலும், எங்க வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பால் ஜாயிண்ட் என்பது கிண்ணத்துக்குள் உட்கார்ந்த இரும்பு உருண்டை. நம்ம இடுப்பு மூட்டு மாதிரி. அது தேய்ந்து கழன்றால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும், ஸ்டியரிங் கேட்காது. உள்ளே பிள்ளைத்தாச்சி இருக்கும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும்?

அண்ணன் பதிமூணு வயசில் டவுனில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனவர். காருக்கடியில் படுத்துச் சேறு சுரண்டுவது, சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவுவது, டீ வாங்கி வருவது அவர் வேலை. முறுக்குகிற நேரம் வந்தால் முதலாளியின் சொந்தக்காரப் பையனைக் கூப்பிடுவார்கள். “நீ கழுவி வைடா, போதும்.” ஆயுத பூசைக்கு முதல் நாள் ஸ்பானர்களை எல்லாம் பளபளன்னு துடைத்து வைத்தது அண்ணன். மறுநாள் அவற்றுக்குப் பொட்டு வைக்கும்போது வாசலுக்கு வெளியே நின்றதும் அண்ணன்தான். ஆறு வருஷம். கழுவிக்கொண்டே பார்த்தார். பார்த்தே கற்றுக்கொண்டார். வெளியே வந்து கூலி வேலை பார்த்து, ஸ்பானரை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார்.

போன மாதம் எங்க வீட்டு வாசலில், புங்க மரத்தடியில் வேலை நடந்தது. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பவள். அன்றைக்கு அண்ணனிடம் பாடம் கேட்டேன். அவர் சொன்னதை எழுதுகிறேன்.

பள்ளத்தில் ‘டொக் டொக்’ என்று சத்தம், பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது, டயர் ஒரு ஓரமாகத் தேய்வது: இதெல்லாம் அறிகுறி. சக்கரத்தைத் தூக்கி, டயருக்கடியில் கடப்பாரை கொடுத்து நெம்ப வேண்டும். ஜாயிண்ட் ஆடினால் கண்ணுக்கே தெரியும். அதன் ரப்பர் உறை கிழிந்திருந்தால் கிரீஸ் போய் மண்ணும் தண்ணியும் உள்ளே இறங்கியிருக்கும். எங்க வண்டியில் இடது பக்கம் ஜாயிண்டே ஆடியது; ஆர்மையே புதுசாக வாங்கினோம். வலது பக்கம் புஷ் மட்டும். சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் எல்லாம் கிடைக்கும். கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம். பால் ஜாயிண்டும் ரப்பரும் பழசு வாங்கக் கூடாது.

பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, ஜாக்கி போட்டோம். “பாப்பா, ஜாக்கிய நம்பித் தலைய உள்ள விடாத. ஸ்டாண்டு வை. ஹாலோ பிளாக்கையும் நம்பாத, அது சொல்லாம நொறுங்கும்” என்றார். ஸ்டெபிலைசர் பாரின் நுனியில் உள்ள நட்டைக் கழற்றினோம். ஜாயிண்டின் தண்டைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது. தண்டில் ஒரு வெட்டு இருக்கிறது, போல்ட் அதற்குள் உட்கார்ந்திருக்கும். முழுசாக உருவினால்தான் தண்டு இறங்கும். இது தெரியாதவர்கள் சுத்தியலால் அடித்தே பாழாக்குவார்கள்.

பழைய புஷ்ஷை வைஸில் வைத்துப் பிதுக்கினோம். ஒரு பக்கம் புஷ் அளவுக்கு ஒரு சாக்கெட், மறுபக்கம் அது வந்து விழ ஒரு பைப் துண்டு. புதுசை இறக்கச் சோப்புத் தண்ணி. எண்ணெயும் கிரீஸும் ரப்பரைத் தின்னும்.

அண்ணன் ரொம்ப அழுத்திச் சொன்னது கடைசி முறுக்கைப் பற்றி. புஷ் போல்ட்டின் மேல் சுற்றுவதில்லை. போல்ட் அதை இறுக்கிப் பிடித்திருக்கும், ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி தரையில் நிற்கிற நேரமெல்லாம் ரப்பர் முறுகியே கிடக்கும், சீக்கிரம் கிழியும். அதனால் வண்டியை இறக்கி, அதன் பாரம் சக்கரத்தில் விழுந்த பிறகே இந்த போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். அந்தப் பட்டறையில் அடுத்த வண்டி காத்திருக்கும் அவசரத்தில் தொங்கும்போதே முறுக்கி அனுப்புவார்களாம். கழுவிக்கொண்டிருந்தவருக்குத் தெரிந்தது, முறுக்கியவருக்குத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

மறுநாள் டவுனில் அலைன்மெண்ட் பார்த்தோம். அது மெஷினில் செய்யும் வேலை.

சாதி வேலையைப் பங்கு போடுவதோடு நிற்பதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேலும் கீழுமாக அடுக்குகிறது என்பதை அம்பேத்கர் 1936இல் விளக்கினார். ஒரு காரைச் சுற்றி நிற்கும் நாலு பேரிடமே அதைப் பார்க்கலாம். அழுக்கு ஒருவருக்கு, ஸ்பானர் இன்னொருவருக்கு. கையால் செய்யும் வேலை கேவலம் என்று நமக்குச் சொன்னவர்கள், அந்த வேலையிலும் கூலி கூடுகிற பாதியைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் படித்து இந்த அழுக்கிலிருந்து விலகட்டும் என்று நாம் நினைப்பது நியாயம்தான். ஆனால் அழுக்கோடு சேர்த்து அறிவையும் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

அண்ணன் சொன்னதை எட்டுப் பக்க நோட்டில், படம் போட்டு எழுதியிருக்கிறேன். இப்போது அவரிடம் மூன்று பேர் கற்கிறார்கள், அதில் இரண்டு பெண் பிள்ளைகள். முதல் நாளே அவர்கள் கையில் ஸ்பானர் கொடுத்தார். சாமான் கழுவுகிற வேலையை முறை வைத்துச் செய்கிறார்கள், அண்ணனும் அதில் ஒரு ஆள்.

புஷ் மாற்றத் தெரிந்துவிட்டது என்பதற்காகப் பள்ளத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது. தண்ணி டேங்கிலிருந்து காலனி வரைக்கும் தார் போடச் சொல்லி நாலாவது மனுவும் எழுதியாயிற்று. வருகிற திங்கட்கிழமை எல்லோரும் சேர்ந்து கொடுக்கப் போகிறோம்.