தாத்தாவோட இரட்டைக்குழல்

அப்பா போய் 3 மாசம் ஆச்சு.
தாம்பரம் வீட்டு பீரோல இருந்த தாத்தாவோட இரட்டைக்குழல் துப்பாக்கிய, லைசென்ஸ் புக்கோட இன்னைக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்சேன்.

குழல் மேல பர்மிங்காம்னு ஊர்ப்பேர்.
கட்டையில அவர் கன்னம் பதிஞ்ச இடம் மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கு.
மதுராந்தகம் பக்கம் கடலைக்கொல்லைக்குக் காவல் இருந்தது.

வீட்ல சின்னப் பிள்ளைங்க. வச்சுக்க மனசு வரல.

சித்தப்பா ஆசையா கேட்டார். அவர்கிட்ட ஏற்கெனவே ரெண்டு இருக்கு. 2019 சட்டத் திருத்தத்துக்கப்புறம் ஒருத்தருக்கு 2 தான். பரம்பரையா வந்ததும் அந்தக் கணக்குலதான் சேரும்.

காசு முக்கியமில்ல.
தாத்தா மாதிரி எண்ணெய் போட்டுத் துடைக்கிற கை வேணும்.

எழும்பூர் மியூசியத்துல கேட்டா வாங்கிப்பாங்களா?
இல்ல, லைசென்ஸ் இருக்கிற, பழசை மதிக்கிற யாரையாவது தெரியுமா?