43 வயசுல மரம் ஏறப் பழகினது

நாப்பது வயசுக்கு மேல தொழில் மாறுறதப் பத்திப் பேசறவங்க ஒண்ணு பணத்தப் பத்திப் பேசுவாங்க, இல்லைன்னா தைரியத்தப் பத்திப் பேசுவாங்க. ரெண்டுக்கும் நடுவுல பயிற்சின்னு ஒரு காலம் இருக்குதுங்க. அங்க நம்ம பழைய அனுபவத்துக்கு மதிப்பு கிடையாது, நாம கடைசி பெஞ்சு. அதப் பத்தித்தான் இந்தப் பதிவு.

நான் 21 வருசம் பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டினவன். சொந்தமா எட்டுத் தறி, கூலி நெசவு. நெசவுக்கூலி நின்ன இடத்துலயே நின்னுச்சு, கரண்டு பில்லும் உதிரி பாகமும் மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. கடைசியில எட்டுத் தறியையும் எடைக்குப் போட்டோம். தறி ஓடின கொட்டகையில இப்ப வெள்ளாடு கட்டியிருக்கு. மிச்சம் இருந்தது அப்பா காலத்து ரெண்டு ஏக்கர் தோப்பு, 140 மரம்.

தோப்பு இருந்தா உக்காந்து சாப்பிடலாம்னு பட்டணத்துல இருக்கறவங்க நினைக்கலாம். 45 நாளைக்கு ஒரு வெட்டு, வருசத்துக்கு எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் ஏற ஆள் வேணும். எங்க ஊர்ல ரெண்டு தலைமுறையா ஏறிட்டு இருந்தவருக்கு இப்ப முட்டி போயிருச்சு. அவரு பசங்க ஒருத்தர் லாரி, ஒருத்தர் செல்போன் கடை. குட்டை மரத்துல தொரட்டி போட்டுப் பறிச்சுக்கலாம். 60 அடி நெட்டைக்குத் தொரட்டி பத்தாது. எட்டினாலும் காய்தான் விழும், கொண்டையில என்ன நடக்குதுன்னு தெரியாது. காண்டாமிருக வண்டு குருத்தத் துளைச்சு உள்ள உக்காந்திருக்கும். இலை விரியும்போது கத்திரி போட்டு வெட்டின மாதிரி முக்கோணமா வெட்டு தெரிஞ்சாத்தான் நமக்கு விசயமே புரியும்.

அப்பத்தான் அந்தப் பயிற்சி பத்திக் கேள்விப்பட்டேன். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல ஆரம்பிச்சது, பேரு 'தென்னை மரங்களின் நண்பர்கள்'. ஆறு நாள். ஏறுற கருவிய வெச்சு ஏறவும், கொண்டை சுத்தம் பண்ணவும், பூச்சி பாக்கவும், முத்தின காய் எது இளசு எதுன்னு பிரிக்கவும் சொல்லித் தருவாங்க.

போறேன்னு சொன்னதும் வீட்டுல பெரிய பிரச்சனை. அம்மா ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள், "தோப்புக்காரன் மகன் மரமேறப் போறானான்னு ஊரு கேக்காதா?"ன்னாங்க. வீட்டுக்காரம்மா அதெல்லாம் சொல்லல. "விழுந்தீங்கன்னா நானும் புள்ளைகளும் என்னங்க பண்றது?"ன்னு ஒரே கேள்வி. அம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டேன். இதுக்குப் பதில் இல்ல. வீட்டுச் செலவு அவங்க பனியன் கம்பெனி சம்பளத்துலதான் ஓடிட்டு இருந்துச்சு.

பயிற்சியில நாங்க 20 பேர். 19 பேரும் என்னைவிடச் சின்னவங்க. சொல்லிக் கொடுத்த தம்பிக்கு 24 வயசு இருக்கும். அவரு என்னை "அண்ணா"ன்னாரு, நான் அவரை "சார்"னேன். கூடப் படிச்ச பசங்க முதல் நாள் "சார்"னாங்க, ரெண்டாம் நாள் மத்தியானச் சோத்துக்கு அப்புறம் "மாமா" ஆயிருச்சு.

எங்களுக்குக் கொடுத்தது செம்பேரி மாடல். கேரளாவுல கண்ணூர் மாவட்டம் செம்பேரியச் சேர்ந்த ஜோசப் கண்டுபிடிச்சதால அந்தப் பேரு. ரெண்டு துண்டு, இடது காலுக்கு ஒண்ணு, வலது காலுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் ஒரு கம்பிக்கயிறு மரத்தச் சுத்தி வரும். ஒரு கால்ல முழு எடையும் வெச்சா அந்தப் பக்கத்துக் கயிறு மரத்தக் கவ்விக்கும். அடுத்த காலத் தளர்த்தி, கையால கைப்பிடியத் தூக்கி, மேல கொண்டுபோய் மறுபடி மிதிக்கணும். படிக்கட்டு ஏறுற மாதிரிதான்.

பாக்கறதுக்கு அவ்வளவுதாங்க. ஏறினா பத்தடியில தொடை தானா நடுங்கும். பயம் தலையில இருந்தா பேசிச் சமாளிக்கலாம், தொடையில இருக்கற பயத்துக்கிட்ட என்ன பேசறது? சின்னப் பசங்க ரெண்டாம் நாளே உச்சிக்குப் போயிட்டாங்க. எனக்கு 15 அடிக்கு மேல போக நாலாம் நாள் ஆச்சு. ராத்திரி படுத்தா ஆடுசதை கல்லு மாதிரி இருக்கும். நல்லெண்ணெய் தேச்சு, சுடுதண்ணி ஊத்தி, காலைல மறுபடியும்.

இந்த வயசுல மூளை சீக்கிரம் புரிஞ்சுக்குது, உடம்புதான் லேட்டா வருது. முதல் மணி நேரத்துலயே எனக்கு எல்லாம் புரிஞ்சுருச்சு. புரிஞ்சதக் காலுக்குச் சொல்ல மூணு நாள். அந்த மூணு நாள்ல "நமக்கு வராது"ன்னு முடிவு பண்ணி எந்திரிச்சுப் போறவங்கதான் அதிகம். எங்க பேட்ச்லயே ஒருத்தர் போனாரு. என்னை நிறுத்தி வெச்சது மன உறுதியெல்லாம் இல்ல, திரும்பிப் போக எனக்குத் தறி இல்ல.

பழைய தொழில் முழுசா வீணும் போகல. எட்டுத் தறி ஓடும்போது எதுல நூல் அறுந்துச்சுன்னு சத்தத்த வெச்சே சொல்லுவோம். அந்தக் காது இங்க உதவுச்சு. கயிறு சரியாக் கவ்வினா ஒரு சத்தம், நழுவப் போறதுக்கு முன்னாடி வேற சத்தம். அதே தறிதான் காத மந்தமும் ஆக்கிருச்சு. கீழ நின்னு அந்தத் தம்பி கத்தறது மேல எனக்குக் கேக்காது. அப்புறம் எனக்கு மட்டும் விசில், ஒண்ணு ஊதினா நில்லு, ரெண்டு ஊதினா இறங்கு.

ஊருக்கு வந்து முதல்ல எங்க தோப்புலதான் ஏறினேன். ஒரு நாளைக்கு 12 மரம், அதுக்கே நாக்குத் தள்ளிருச்சு. ஆறு மாசத்துல 35 வரைக்கும் வந்துச்சு. இப்ப அக்கம்பக்கத்துத் தோப்புக்கும் போறேன். வெட்டோட நிறுத்தறதில்ல. காஞ்ச மட்டை, பன்னாடை எடுத்து, வண்டு இருந்தா கம்பியால குத்தி எடுத்து, நடுக்குருத்துப் பக்கத்து மூணு மட்டை இடுக்குல வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து போட்டுட்டு இறங்கறேன். பறிக்கிற கூலியவிட இதுக்குத்தான் ஆளுங்க தேடி வர்றாங்க. மழை பேஞ்சு மரம் ஈரமா இருந்தாலோ காத்து அடிச்சாலோ யார் கூப்பிட்டாலும் ஏறுறதில்ல.

ஒரு விசயம் சொல்லியே ஆகணும். எங்க ஊர்ல மரம் ஏறுறவர எத்தனை வயசானாலும் சின்னப் பையன்கூடப் பேர் சொல்லி, "வாடா போடா"ன்னுதான் கூப்பிடுவான். அதே மரத்துல அதே காய வெட்டுற என்னை "மிசின் வெச்சு ஏறுறவரு"ங்கறாங்க, "ங்க" போட்டுப் பேசறாங்க, கூலியும் கூட. மரியாதை மிசினுக்கா, வேலைக்கா, நான் பொறந்த வீட்டுக்கான்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். முட்டி போன அந்த அண்ணன்கிட்டத்தான் இப்பவும் சந்தேகம் கேட்டுக்கறேன். காயத் தட்டிச் சத்தத்துல முத்தல் பாக்கறது, எந்த மட்டைய நம்பிப் பிடிக்கலாம், எதத் தொடக்கூடாதுங்கறது, ஆறு நாள்ல எந்தப் பயிற்சியிலயும் வராது. அவரு ஏறாமலே கீழ நின்னு சொல்லுவாரு. வெட்டு நாள்ல அவருக்கும் ஒரு பங்கு கூலி உண்டு, தோப்புக்காரங்ககிட்ட முதல்லயே பேசிடறேன்.

வீட்டுக்காரம்மா கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் கிடைச்சிருக்கு. மரம் ஏறுறவங்களுக்குன்னு வாரியம் வழியா 'கேரா சுரக்ஷா' விபத்துக் காப்பீடு இருக்கு, எடுத்துட்டேன். இடுப்புப் பெல்ட்டு இல்லாம ஏறுறதில்ல. மீதிப் பாதிக்குப் பதில் கிடையாதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும், அதனால அதப் பேசறதில்ல. அம்மா மட்டும் காலைல நான் கருவிய வண்டியில கட்டும்போது வந்து நின்னு, அந்தப் பெல்ட்ட ஒருக்கா இழுத்துப் பாத்துட்டுப் போறாங்க.

இந்த மாதிரி மாறலாமான்னு யோசிக்கிறவங்க, குறைஞ்சது ஆறு மாசச் சாப்பாட்டுக்கு வழி பண்ணிட்டு வாங்க. முதல் நாலு நாள வெச்சு முடிவு எடுக்காதீங்க. அடுத்த பதிவுல வெள்ளை ஈ பத்தி. 2016-ல பொள்ளாச்சிப் பக்கம் வந்தது இன்னும் தோப்பவிட்டுப் போன பாடில்ல. கொண்டையில நின்னு பாத்தத எழுதறேன்.