ஓவர்கோட்டுக்கு ஒரு தகுதி

டோக்கியோவின் ரியோகோகு ரயில் நிலையத்தில் இறங்கினால் கொகுகிகான் அரங்கம் பக்கத்திலேயே இருக்கிறது. வாசலில் கம்புகளைக் கட்டி எழுப்பிய உயரமான பரண் மேலிருந்து முரசு கொட்டுகிறார்கள். வீரர்களின் பெயர் எழுதிய வண்ணக் கொடிகள் வரிசையாகப் படபடக்கின்றன. 2024 ஜனவரி, நம்மூரில் பொங்கல் முடிந்த வாரம். சுமோ பார்க்க வருபவர்களில் பெரும்பாலானோர் மதியத்துக்கு மேல்தான் வருவார்கள். பெரிய வீரர்கள் அப்போதுதான் இறங்குவார்கள். நான் காலையிலேயே போய்விட்டேன். கூட்டமில்லாத நேரத்தில் எதையும் பார்ப்பது என் பழக்கம்.

உள்ளே போகும்போது பன்சுகே என்ற தரவரிசைத் தாளைச் சில்லறைக் காசுக்கு வாங்கினேன். அறுநூறு பேர் அளவில் இருக்கும் வீரர்களின் பெயர்களை நடுவர்களே தூரிகையால் எழுதி, பிறகு அச்சடிக்கிறார்கள். மேல் வரியில், சுமோவின் உச்சப் பட்டமான யோகோசுனா பெற்றவர்களின் பெயர் கொட்டை எழுத்தில். கீழே இறங்க இறங்க எழுத்து மெலிந்து, கடைசி வரியில் சேமியாவை அடுக்கி வைத்ததுபோல ஆகிவிடுகிறது. அந்தக் கடைசி வரிக்காரர்கள்தான் காலையில் மோதுகிறார்கள்.

பதினோராயிரம் பேர் உட்காரும் அரங்கில் சில நூறு பேர்கூட இல்லை. 4.55 மீட்டர் விட்டமுள்ள களிமண் வட்டத்துக்குள் இரண்டு பையன்கள். ஒருவன் மலைபோல், இன்னொருவன் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன்போல். சுமோவில் எடைப் பிரிவு கிடையாது. இடுப்பில் கறுப்புப் பருத்திக் கச்சை. வண்ணப் பட்டுக் கச்சை மேல்நிலைக்காரர்களுக்கு மட்டும். தொலைக்காட்சியில் பார்த்த உப்பு வீச்சு இங்கே இல்லை. நடுவர்கூட ஆடையை முழங்கால் வரை ஏற்றிக் கட்டி, வெறுங்காலோடு நிற்கிறார். வீரர்களைப் போலவே நடுவர்களுக்கும் படிநிலை உண்டு. காலுறை போடவே பல வருடம் ஆகும். சில நொடிகளில் ஒருவன் வட்டத்துக்கு வெளியே விழுந்தான். எங்கோ ஒரு மூலையில் ஒரு பாட்டி மட்டும் கைதட்டினாள். அவன் பாட்டியாகத்தான் இருக்க வேண்டும்.

சுமோவில் ஆறு நிலைகள். மேலிரண்டில் இருக்கும் எழுபது பேருக்குத்தான் மாதச் சம்பளம். இரண்டாம் நிலையான ஜூர்யோவில் 2024இல் மாதம் பதினொரு லட்சம் யென். அதற்கு ஒரு படி கீழே, மக்குஷிதாவில், சம்பளமே இல்லை. தங்க இடமும் சாப்பாடும் பயிற்சிக்கூடம் தரும். போட்டிக்குப் போட்டி சிறு படி கிடைக்கும். அவ்வளவுதான். சம்பளம் வாங்குகிறவருக்கு எடுபிடியாக நின்று, முதுகு தேய்த்து, துணி துவைப்பவரும் சம்பளமில்லாத ஒரு வீரர்தான்.

அரங்குக்கு வெளியே இந்தப் படிநிலையை உடையை வைத்தே படித்துவிடலாம். கடைசி இரண்டு நிலைக்காரர்களுக்கு எந்தக் குளிரிலும் யுகாத்தா என்ற மெல்லிய பருத்தி அங்கியும் மரக்கட்டைச் செருப்பும் மட்டுமே. ஒரு நிலை ஏறினால் செருப்பு மாறும். மக்குஷிதா வந்தால் ஓவர்கோட்டும் கழுத்துத் துண்டும் அணியலாம். நான் இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தபோது, தலைமுடி எண்ணெய் மணக்க, பதினாறு வயதுப் பையன் ஒருவன் வெறும் யுகாத்தாவில் டொக் டொக்கென்று கடந்துபோனான்.

மறுநாள் விடிகாலை ஹமாச்சோவில் உள்ள அராஷியோ பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். அங்கே தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னல் வழியாகப் பயிற்சியைப் பார்க்கலாம். காலைத் தூக்கித் தரையில் அறைவது, பாதம் மண்ணை விட்டு எழாமல் நகர்வது, முன்னால் நிற்பவரை மார்பில் முட்டித் தள்ளுவது. இதே மூன்றும் திரும்பத் திரும்ப, வெறும் வயிற்றில். முடிந்ததும் குளியல், பிறகு சாப்பாடு, எல்லாம் மூத்தவர் முதலில். சங்கோ குழம்பைச் சமைத்த சின்னவர்கள் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும்போது சட்டியில் சாறுதான் மிஞ்சும் என்பார்கள். சாப்பிட்டதும் தூக்கம். உடம்பு அப்படித்தான் ஏற்றப்படுகிறது.

இதை அழகான குருகுலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 2007இல் ஒரு கூடத்தில் பதினேழு வயதுப் பயிற்சி வீரன் அடித்தே கொல்லப்பட்டான். அவனுடைய குரு சிறைக்குப் போனார்.

மாலையில் ரியோகோகுவில் ஒரு சங்கோ கடை. கடைக்காரர் பழைய வீரர். எந்த நிலைவரை போனீர்கள் என்று டோக்கியோவாசியான என் நண்பர் மூலம் கேட்டேன். "கோட்டு வரைக்கும்" என்று சிரித்தார். அவர் கதைதான் பெரும்பாலோர் கதை. ஹனகாசே என்ற வீரர் 2022 ஜனவரியில் ஓய்வு பெற்றபோது வயது 51. சம்பளம் கிடைக்கும் நிலையை அவர் ஒருநாளும் தொட்டதில்லை.

ஏறியவர் இறங்குவதும் உண்டு. மங்கோலியாவில் பிறந்த தெருனோஃபுஜி 2015இல் ஓசெகி, யோகோசுனாவுக்கு அடுத்த பட்டம். பிறகு இரண்டு முழங்காலும் போயின, சர்க்கரை நோயும் சேர்ந்தது. 2019 மார்ச்சில் கடைசிக்கு முந்தைய நிலையில், கறுப்புக் கச்சையோடு, ஆளில்லாத காலை அரங்கில் சின்னப் பையன்களோடு மோதினார். விட்டுவிடுகிறேன் என்று பலமுறை கேட்டும் குரு அனுமதிக்கவில்லை. 2020 ஜூலையில் உச்ச நிலைக்குத் திரும்பிய முதல் போட்டியிலேயே கோப்பை. 2021இல் 73ஆவது யோகோசுனா. நான் பார்த்த அந்த ஜனவரிப் போட்டியையும் அவர்தான் வென்றார். களத்தில் ஏறும்போது முழங்கால்களில் தடித்த கட்டு. காலையில் வெறிச்சோடிக் கிடந்த இருக்கைகளில் அப்போது இடமே இல்லை.

மறு ஜனவரியில் அவர் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகும் சுமோ சங்கத்தில் இருக்க வேண்டுமென்றால், வழிவழியாகக் கைமாறும் 105 மூத்தோர் பெயர்களில் ஒன்று கையில் வேண்டும்; ஜப்பானியக் குடியுரிமையும் வேண்டும். அவரிடம் குடியுரிமை இருந்தது; மூத்தோர் பெயர் இல்லாவிட்டாலும், யோகோசுனாவாக இருந்தவர் என்பதால் ஐந்து வருடம் வரை களப் பெயரிலேயே சங்கத்தில் இருக்கும் சலுகை இருந்தது. 45 கோப்பைகள் வென்ற இன்னொரு முன்னாள் யோகோசுனா ஹகுஹோவின் கூடம், சீடன் ஒருவன் மற்றவர்களை அடித்த விவகாரத்தால் 2024இல் மூடப்பட்டு, தெருனோஃபுஜி இருந்த இசெகஹாமா கூடத்தோடு சேர்க்கப்பட்டிருந்தது. 2025 ஜூனில் அந்த இசெகஹாமாவின் பொறுப்பு, 10 கோப்பைகள் வென்ற தெருனோஃபுஜியின் கைக்கு வந்தது. அதே மாதம் ஹகுஹோ சங்கத்தை விட்டு வெளியேறினார். அவருடைய சீடர்கள் இசெகஹாமாவிலேயே இருந்துவிட்டார்கள்.