சட்டைப்பையில் ஒரு பேட்டரி லைட்

பொங்கல் லீவுக்கு வந்திருந்த அக்கா பையன் என் சட்டைப்பையைப் பார்த்துட்டு சிரிச்சான். "ஏன் மாமா, போன்லயே லைட் இருக்கே? இதை வேற எதுக்கு சுமந்துக்கிட்டுத் திரியறீங்க?"

நியாயமான கேள்விதான். சென்னையில இருட்டுங்கிறது கரண்ட் போன பத்து நிமிஷம். எங்களுக்கு அது ஒரு வேலை நேரம். அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லிடறேன்.

நாலு வருஷம் முன்னாடி ஒரு ஜூம் லைட் வாங்கினேன். முன்பக்கக் கழுத்தை இழுத்தா வெளிச்சம் குவியும். கீழே நின்னுக்கிட்டே தென்னை உச்சியில இருக்கிற காயை எண்ணலாம். ஊர்ல ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தாங்க, எனக்கும் பெருமை தாங்கலை.

அப்போ எங்க பக்கம் மும்முனை கரண்ட் ராத்திரியிலதான் வரும். பல வருஷமா எங்க தோட்டத்துல தண்ணி கட்டுற அண்ணன் ஒருத்தர், அன்னிக்கும் தன்னோட பழைய மூணு செல் லைட்டை எடுத்துக்கிட்டு வாழைக்குக் கிளம்பினார். "அது மின்மினிப் பூச்சி மாதிரி எரியுதுண்ணா, இதை எடுத்துக்கிட்டுப் போங்க"ன்னு என் லைட்டை நான்தான் அவர் கையில திணிச்சேன்.

அன்னிக்கு ராத்திரி கண்ணாடி விரியன் கடிச்சுது. வாழைச் சருகோட சருகா கிடந்திருக்கு. கட்டுப் போடாம, கீறாம, கடிபட்ட காலை அசைக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்து கண்ணாடிக் குழாயில விட்டு, 20 நிமிஷம் ஆட்டாம வெச்சுப் பார்த்தாங்க. உறையவே இல்லை. விஷமுறிவு மருந்து ஏத்தினாங்க. ஒன்பது நாள் கழிச்சுத்தான் வீட்டுக்கு வந்தார். இன்னிக்கும் அந்தக் காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறார்.

என்னை அவர் ஒரு வார்த்தை திட்டலை. "லைட்டு நல்ல வெளிச்சம்தான் தம்பி, ஆனா காலடியில ஒண்ணுமே தெரியலை"ன்னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தாக்கூட தேவலைன்னு இருந்துச்சு.

அந்தப் பேச்சு தூங்கவிடலை. வெவ்வேறு மாதிரியில இன்னும் ரெண்டு லைட் வாங்கி, மோட்டார் ரூம் வெள்ளைச் சுவர்ல ஒவ்வொண்ணா அடிச்சுப் பார்த்தேன்.

ஜூம் லைட்டை இழுத்து அடிச்சா, கத்தரிச்ச மாதிரி ஒரு சதுரம் மட்டும் விழுது. அதைத் தாண்டினா கும்மிருட்டு. அந்தச் சதுரத்தோட பளபளப்புக்குக் கண்ணு பழகிட்டா, சுத்தி இருக்கிறது இன்னும் கறுப்பாயிடும். ரெண்டாவது, வழவழப்பான கிண்ணம் வெச்ச லைட். நடுவுல பளீர்னு ஒரு பொட்டு, சுத்தியும் மங்கலா ஒரு வட்டம். வெளிச்சம் நீலம் பாரிச்ச வெள்ளை. மூணாவதுல கிண்ணம் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரன்னு இருக்கும். பொட்டுக்கும் சுத்து வெளிச்சத்துக்கும் நடுவுல கோடே தெரியாம, லேசான மஞ்சளா பரவுது.

அட்டைப்பெட்டியில போடுற லூமன், லைட்டுல இருந்து வர்ற மொத்த வெளிச்சம். அது எங்க போய் விழுதுன்னு அந்தக் கணக்குல தெரியாது. '200 மீட்டர்'னு போட்டிருந்தா அங்க பட்டப்பகல் மாதிரி தெரியும்னு நினைச்சுடாதீங்க. எஃப்எல்1ங்கிற தர அளவுப்படி, வெளிச்சம் 0.25 லக்ஸா குறையற தூரம் அது. கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம், அவ்வளவுதான்.

இன்னொண்ணு சிஆர்ஐ, அதாவது நிறத்தை எவ்வளவு சரியாக் காட்டுதுங்கிற அளவு. பழைய குண்டு பல்புக்கு அது 100 கிட்ட இருக்கும். சாதாரண வெள்ளை எல்இடிக்கு 70 சுமார். அதுல சிவப்பு குறைவு. அதனால காவி, செம்மண், காய்ஞ்ச சருகு எல்லாம் ஒரே சாம்பலாத் தெரியும். விரியன் ஒளிஞ்சுக்கிறதும் அந்த நிறங்களுக்குள்ளதான். நான் மின்மினின்னு கேலி பண்ணின லைட், வெளிச்சம் கம்மின்னாலும் நிறத்தைப் பிரிச்சுக் காட்டிக்கிட்டு இருந்திருக்கு.

அமாவாசை ராத்திரி ஒண்ணுல வீட்டுக்காரம்மாவை விட்டு, ஒரு தேங்காய்நார்க் கயிறைச் சுருட்டி வாழைச் சருகுல எங்கயாவது போடச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் இடத்தை மாத்தி வெச்சா. ஜூம் லைட்டோட போனப்ப ரெண்டு தடவை கயிறைத் தாண்டியே போயிட்டேன். நீல வெள்ளையில மூணடி கிட்ட வந்தப்புறம்தான் என்னமோ கிடக்குன்னு புரிஞ்சுது. மஞ்சள் வெளிச்சத்துல பத்தடியிலயே கயிறு கயிறாத் தெரிஞ்சுது. போன் வெளிச்சம் நல்லாத்தான் பரவுது, ஆனா ரெண்டு எட்டுக்கு மேல போகலை.

பிடிக்கிற விதமும் முக்கியம். லைட்டைக் கண்ணு உயரத்துல பிடிச்சா நிழல் பொருளுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும், எல்லாம் தட்டையாத் தெரியும். இடுப்புக்குக் கீழ பிடிச்சா நிழல் நீண்டு விழும். கயிறுக்கும் நிழல் உண்டு, பாம்புக்கும் உண்டு.

மூணாவது லைட்ல இன்னும் ஒண்ணு வாங்கினேன். ஒரே ஒரு 18650 செல், சட்டைப்பையில அடங்கிடும். அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன சொல்லி நீட்டறதுன்னு தெரியலை, சும்மா நீட்டினேன். ஜூம் லைட் வாங்கினப்ப நாங்க எல்லாரும் அடிச்சுப் பார்த்தது தென்னை உச்சியில. அவர் திண்ணையில உட்கார்ந்தபடியே தன் காலுக்கு நேரா அடிச்சுப் பார்த்தார். தழும்பு, வெடிப்பு, ஒட்டியிருந்த செம்மண் எல்லாம் தெரிஞ்சுது.

கொஞ்ச நேரம் பார்த்துட்டுச் சொன்னார்: "நகம் வெட்டணும் போல இருக்கே தம்பி."