வால்வு ஒலிபெருக்கி

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தனர். தமிழாசிரியராகிய நாம் சங்க இலக்கியம் பற்றியோ சமய குரவர் பற்றியோ எழுதுவோமென அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவை பற்றி எழுத நம்மினும் தகுதியுடையோர் பலர் உளர். ஆதலின், இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் பழகிவரும் ஒரு பொருளைப் பற்றி எழுதத் துணிந்தோம். அது வால்வுகளால் இயங்கும் ஒரு பழைய ஒலிபெருக்கிப் பெட்டி. இளைய மாணவருள் இதனைக் கண்டோர் அரியர்.

வால்வு என்பது காற்று நீக்கப்பெற்ற ஒரு கண்ணாடிக் குமிழ். அதனுள்ளே சூடேறிய கதோட்டிலிருந்து இலத்திரன்கள் புறப்பட்டு அனோட்டை நாடிச் செல்கின்றன. 1904இல் பிளெமிங் என்னும் ஆங்கிலேயர் இவ்விரண்டையும் கொண்ட வால்வை அமைத்தார். 1906இல் அமெரிக்கராகிய லீ டி பாரஸ்ட் இடையிலே மூன்றாவதாக ஒரு கம்பி வலையை வைத்தார். வயற்காரருக்கு இதனை விளக்குதல் எளிது. வாய்க்காலின் கதவைச் சிறிது அசைத்தால் பெருநீர் கூடியும் குறைந்தும் பாய்கிறதன்றோ? அக்கதவே அவ்வலை. ஒலிவாங்கியிலிருந்து வரும் மெல்லிய மின் அதனை அசைக்க, நூற்றுக்கணக்கான உவோற்று அழுத்தத்திற் பாயும் ஓட்டம் அவ்வசைவையே பெரிதாக்கித் தருகிறது. இறுதியில் இரு வால்வுகள், மருதமுனைத் தறியின் மிதிகள் ஒன்று தாழ மற்றது எழுவதுபோல, மாறிமாறி உழைத்துக் கூம்புக் குழாய்களுக்கு வேண்டிய வலுவை வழங்குகின்றன.

இப்பெட்டியை நமக்கு அறிமுகஞ் செய்தவர், கல்முனைக் கரையோரத்திலே ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டும் வானொலி திருத்தியும் வாழ்ந்த ஒரு முஸ்லிம் பெரியவர். காக்கா என்றே நாம் அவரை அழைத்தோம். கல்யாண வீடு, கந்தூரி, கோயில் திருவிழா, தேர்தற் கூட்டம் யாவற்றுக்கும் அவர் பெட்டியே சென்றது. மின்சாரம் எட்டாத ஊர்களில் மோட்டார்க் கார் பற்றரியைக்கொண்டு அதனை இயக்கியதாகச் சொல்வார். ஊர்கள் ஒன்றுக்கொன்று கதவடைத்திருந்த நாட்களும் உண்டு. அந்நாட்களிற் பெட்டி வீதியைக் கடக்கவில்லை. 1990களின் பிற்பகுதியில், பாடசாலை விட்டதும் அவர் கடையிற் சென்று அமர்வது நம் வழக்கமாயிற்று.

பெட்டியை இயக்குவதற்கு முன்னே குழாய்களை இணைத்தல் வேண்டும். சுமையின்றி ஒலியை ஏற்றினால், வெளியீட்டு நிலைமாற்றியின் சுற்றுகளுக்கிடையே பொறி பாய்ந்து அது பாழாகும். பின்னர் ஆளியைப் போட்டு, இழைகள் செந்நிறங் கொள்ளும்வரை அரை நிமிடமேனும் காத்திருத்தல் வேண்டும். விழா வீட்டார் அவசரப்படுத்துவர், பொருட்படுத்தலாகாது. அனோட்டுத் தகடே செவ்வனலாய்ச் சிவக்குமாயின் உடனே நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலும் முன்னுள்ள கொள்ளளவி கசிந்து, வலையின் கட்டுப்பாடு அழிந்திருக்கும். கண்ணாடியின் உட்புறத்தே படரும் மெல்லிய நீலவொளியைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. ஆனால், வெள்ளிபோல் மின்னும் உட்பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. அவ்வால்வு இனி உதவாது.

நாம் வியந்து கற்றது இரைச்சலைப் பகுத்தறியும் கலையையே.

"தம்பி, முதல்ல காதக் குடுங்க. கைய பொறகு வைக்கலாம்," என்பார் காக்கா.

நம் நாட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை அலைவது. பெட்டியினுள் அது ஒருதிசைப்படுத்தப்படும்போது ஒவ்வோர் அலையும் இரண்டு மேடுகளாகி 100 ஆகிறது. எனவே 100இன் இரைச்சல் கேட்டால் அம்மேடுகளைச் சமப்படுத்தும் கொள்ளளவி தளர்ந்துவிட்டதென்றும், 50இன் இரைச்சல் கேட்டால் இழைக் கம்பியிலோ நிலத்தொடுப்பிலோ குறையுண்டென்றும் கொள்ளலாம். பின்னது முன்னதன் கீழ்ச் சட்சம். இசைப் பயிற்சி சிறிதுள்ள செவி இரண்டையும் மயங்காது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளாரின் யாழ் நூல் வெளிவந்தது 1947இல். தந்தியின் நீளம் பாதியாக அலைவு இரட்டிக்கும் என்பது யாழின் கணக்கு. அதனையே ஒரு தகரப் பெட்டியினுள் நாம் கேட்டோம். அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவிலே திரான்சிற்றர் பிறந்து வால்வின் ஆட்சிக்கு முடிவு தேடத் தொடங்கியது வேறு கதை.

ஒலியை முற்றாகக் குறைத்த பின்னும் இரைச்சல் நிற்கவில்லையெனின், குறை அத்திருகுக்குப் பின்னே உள்ளது. நின்றுவிடின் முன்னே. படபடவென்னும் ஓசைக்கு நம் கரையோரத்திற் பெரும்பாலும் வாடைக்காற்றே காரணம். உப்பீரம் வால்வின் கால்களிற் களிம்பேற்றிவிடும். உலர்ந்த பென்சிலால் வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினால் குற்றவாளி தானே குரல் கொடுக்கும்.

ஒன்றை மாணவர்கள் மறத்தலாகாது. செருகியைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகளில் 400 உவோற்று வரை தங்கியிருக்கக்கூடும். அஃது ஆளைக் கொல்லப் போதுமானது. தடையியொன்றின் வழியாக அதனை வெளியேற்றி, அளவுமானியால் இல்லையென உறுதிசெய்த பின்னரே உள்ளே கைவைத்தல் வேண்டும். காக்கா அப்போதும் இடக்கையைச் சாரத்து மடிப்பினுள் வைத்துக்கொள்வார். இரு கைகளும் தொட்டால் மின் நெஞ்சின் வழியே பாயுமாம். உருகி எரிந்தவிடத்துச் சிகரெட்டு ஈயத்தாளைச் சுற்றுவோரை அவர் கடைக்குள் விடுவதில்லை.

2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தது. கடையோடு அவர் வீட்டில் இருவரும் போயினர். நான்கு நாட்களின் பின் இடிபாட்டுக்குள்ளிருந்து பெட்டி கிடைத்தது. தை மாத இறுதியில் அவர் அதனைச் சைக்கிளில் வைத்து நம் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாது முற்றத்தில் இறக்கினார். நன்னீரைப் பலமுறை ஊற்றி உப்பைக் கழுவினோம். நிலைமாற்றிகளைக் கழற்றி, எரியும் மின்குமிழோடு மரப்பெட்டியில் அடைத்துச் சில வாரங்கள் உலர்த்தினோம். கொள்ளளவிகள் யாவும் பழுது, மாற்றினோம். வால்வுகளைத் துடைத்து வெளிச்சத்திற் பிடித்தபோது உட்பூச்சு வெள்ளியாகவே மின்னிற்று. கண்ணாடிக்குள் கடல் புகவில்லை.

வால்வுகளை விலக்கி, 60 உவாற்று மின்குமிழொன்றைத் தொடராக இணைத்து மின் கொடுத்தோம். குமிழ் பிரகாசமாகவே நின்றுவிடின் நிலைமாற்றியின் சுற்று எரிந்ததென்பது பொருள். ஒருகணம் பளிச்சிட்டு மெல்ல அணைந்தது. அந்த வீட்டிழப்பின் பின் காக்கா அழுததை நாம் கண்டது அப்போதுதான். அவ்வாண்டு, தற்காலிகக் குடிலொன்றில் நடந்த கல்யாணத்துக்கு அப்பெட்டியே பாடியது, வாடகை வாங்கவில்லை.

காக்கா இன்று இல்லை. பெட்டி நம் வீட்டிலிருக்கிறது. உரிமை அவர் பேரனுக்கு. வால்வுகள் இக்காலத்தும் ரஷ்யாவின் சராத்தவ் நகரிலும், சுலோவாக்கியாவிலும், சீனாவிலும் செய்யப்படுகின்றன. எனினும், பழைய ஐரோப்பிய வால்வுகளுக்கு விருப்புடையோர் மிகுந்த விலை தருவர். சென்ற ஆண்டு வெளியூரார் ஒருவர் வால்வுகளை மட்டும் கேட்டார். அத்தொகை பேரனின் மேற்படிப்புக்கு ஓராண்டு போதும். விற்கவேண்டாமென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. விற்கச் சொல்லவும் வாய் எழவில்லை. வேலை முழுவதையும் பழகிய பின் நீயே முடிவுசெய் என்றோம். சனிக்கிழமைதோறும் வருகிறான்.

சென்ற கிழமை பெட்டியில் புதிதாக ஓர் இரைச்சல். எது என்று கேட்டோம். அளவுமானியை எடுக்காமல், கண்ணை மூடிச் சிறிது நேரம் நின்றான்.

"கீழதுதான் சேர். அம்பது," என்றான்.

வரும் சனிக்கிழமை நிலத்தொடுப்பை அவனே திறந்து பார்ப்பான்.