பாதிப் பைப்

ஜி.ஐ. பைப் கடையில் 6 மீட்டர் நீளத்தில் வருகிறது. சரிபாதியாக அறுத்தால் 3 மீட்டர். ரேணிகுண்டாவில் தீபாவளிப் பட்டாசுக் கடைகளுக்குக் கொட்டகை போடும் மேஸ்திரி, சட்டைப் பையில் டேப் வைத்திருக்கிறார். அதை வெளியே எடுத்து நான் பார்க்கவில்லை. ஒரு கொட்டகையின் கால் நின்றதும் பாதிப் பைப்பைத் தரையில் படுக்கப் போடுவார். அடுத்த கொட்டகையின் கால் அதன் மறுமுனைக்கு அந்தப் பக்கம்தான் இறங்க வேண்டும். "படுத்துடுச்சா? அப்ப நடு." அவ்வளவுதான் சோதனை.

சென்னையிலிருந்து திருத்தணி, புத்தூர் வழியாக நான் வந்த ரயிலில், பட்டாசு கொண்டுவராதீர்கள் என்று அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். ரயில்வே சட்டத்தின் 164ஆவது பிரிவில் இதற்கு மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பக்கத்து இருக்கைக்காரர் அறிவிப்பு வரும்போதெல்லாம் காலுக்கடியில் இருந்த பையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். பையில் என்ன இருந்ததென்று நான் கேட்கவில்லை.

ரேணிகுண்டா 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம். இப்போது திருப்பதி மாவட்டம். கொட்டகை போடும் மைதானத்தில் பாதிப் பேச்சு தெலுங்கு, பாதி தமிழ். நாம் கம்பி மத்தாப்பு என்பதை இங்கே காக்கரபுவ்வொத்தி என்கிறார்கள். பாகற்பூத் திரி. அந்தச் சின்ன மஞ்சள் பூவைப் பார்த்து மத்தாப்புக்குப் பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

மேஸ்திரியின் ஆட்கள் ஐந்து பேர். மற்ற மாதங்களில் கல்யாணப் பந்தல், மே மாதத்தில் திருப்பதி கங்கம்மா ஜாத்திரை வேலை. அதாவது துணியும் கயிறும் மூங்கிலும் பழகிய கைகள். இங்கே அந்த மூன்றுக்கும் இடமில்லை. வெடிபொருள் சட்டம் 1884ஆம் வருடத்தியது. அதன் கீழ் வந்த 2008ஆம் வருட விதிகளில் 84ஆவது, பண்டிகைக் காலத் தற்காலிகக் கடைகளைப் பற்றியது. கொட்டகை தீப்பற்றாத பொருளில் இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று 3 மீட்டர் இடைவெளி. வீடு, பள்ளி போன்றவற்றிலிருந்து 50 மீட்டர். ஓரிடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. 50 மீட்டருக்குள் யாரும் வெடித்துப் பார்க்கக் கூடாது. "சார், எங்களுக்கு முடிச்சுப் போடத் தெரியும். இங்க வந்தா ஸ்பேனர் பிடிக்கணும்" என்றார் கூட்டத்தில் வயதானவர். அவருடைய விரல்கள் நட்டை முடுக்கும்போதும் முடிச்சுப் போடுகிற மாதிரிதான் வளைந்தன.

வியாபாரிகளுக்கு மிகவும் கசப்பது வேறொன்று: கடைகள் எதிரெதிரே முகம் பார்த்து நிற்கக் கூடாது. பஜார் என்றாலே இரண்டு பக்கமும் கடை, நடுவில் கூட்டம். ஆனால் பட்டாசுக் கொட்டகைக்கு மூன்று பக்கம் தகரம், முன்பக்கம் மட்டும் திறப்பு. உள்ளே தீப்பிடித்தால் ராக்கெட்டும் சங்குசக்கரமும் அந்தத் திறப்பு வழியாகத்தான் வெளியேறும். எதிரே இன்னொரு வாய் திறந்திருந்தால் நேராக அதற்குள்ளேதான் போய் விழும்.

யோசித்துப் பார்த்தால் இந்த விதிகள் எல்லாமே வெற்றிடத்தைக் காப்பாற்றச் சொல்கின்றன. வியாபாரியின் கண்ணுக்கு வெற்றிடம் என்பது நஷ்டம். நான் நின்றிருந்தபோதே ஒரு கடைக்காரர் வந்தார். "அன்னா, கொஞ்செம் ஜரப்பண்டி. காளி ஸ்தலமே கதா?" கொஞ்சம் நகர்த்துங்கள், சும்மா கிடக்கிற இடம்தானே. மேஸ்திரி பதில் சொல்லவில்லை. கொட்டகையின் பக்கவாட்டிலிருந்து இடைவெளிக்குள் சாய்வாக ஒரு முட்டுப் பைப் இறக்கி, தரையில் அடித்து முறுக்கினார். அடுத்த கொட்டகையிலிருந்தும் அதேபோல ஒன்று. இனி அங்கே அட்டைப்பெட்டி அடுக்க முடியாது, பைக்கும் நிறுத்த முடியாது. ஓர் ஆள் மட்டும் குனிந்து ஓடலாம்.

"முட்டு காத்துக்குன்னு சொல்லிடுவேன் சார். காத்துன்னா ஒத்துக்குவாங்க. நெருப்புன்னா அபசகுனம்னு சண்டைக்கு வருவாங்க."

எனக்கு அத்திப்பள்ளி ஞாபகம் வந்தது. 2023 அக்டோபர் 7, ஓசூரைத் தாண்டி கர்நாடக எல்லைக்குள் ஒரு பட்டாசுக் கடை. சரக்கு இறக்கும் நேரத்தில் தீ. 14 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் தீபாவளி சீசன் வேலைக்கு வந்த தமிழ்நாட்டுப் பையன்கள், படித்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. மேஸ்திரியின் ஐந்து பேரில் ஒருவன் பாலிடெக்னிக் மாணவன். தகரத்துக்கு ஓட்டை போடுவது அவன் வேலை.

அந்த ஓட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலைத் தகரத்தில் மேடும் பள்ளமும் மாறிமாறி வரும். மழைநீர் பள்ளத்தில்தான் ஓடும். ஆகவே ஜே போல்ட்டுக்கு ஓட்டையை மேட்டில்தான் போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் ஒழுகும். பள்ளத்தில் போடுவது சுலபம், தகரம் பைப்போடு ஒட்டி உட்காரும். பையன் அவசரத்தில் ஒன்றைப் பள்ளத்தில் போட்டுவிட்டான். மேஸ்திரி ஏணியில் ஏறி, அந்த ஓட்டையின் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு, அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டினார். இத்தனை கோபம் எதற்கென்று எனக்கு அப்போது புரியவில்லை.

தீபாவளி வருவது வடகிழக்குப் பருவமழையில். கூரை ஒழுகினால் கடைக்காரர் செய்கிற முதல் காரியம், கொட்டகை மேல் தார்ப்பாய் விரிப்பது. இரண்டாவது, பக்கத்துக் கடையையும் சேர்த்து ஒரே தார்ப்பாயாக இழுத்துக் கட்டுவது. 3 மீட்டர் இடைவெளி கீழே அப்படியே இருக்கும். மேலே பிளாஸ்டிக் பாலம். அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் வெயில் அடிக்கும், எல்லாம் சரியாக இருக்கும். தார்ப்பாய் ஏறுவது மூன்றாம் நாள் ராத்திரி. விதிப் புத்தகத்தில் மேட்டில் ஓட்டை போடு என்று ஒரு வரி கிடையாது. ஆனால் இந்த மைதானத்தில் மற்ற விதிகள் எல்லாம் அந்த ஓட்டையில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்பது என் எண்ணம்.

சிவகாசிப் பக்கத்து ஆலை ஒன்றில் ஒருமுறை இதே வெற்றிடத்தைப் பார்த்திருக்கிறேன். மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. அறைக்கும் அறைக்கும் நடுவே புல்கூட முளைக்காத தரை. கலந்த மருந்தை ராத்திரிக்கு மீதி வைக்கக் கூடாது. அங்கே வேலை செய்கிற அக்கா ஒருவர் கதவுக்கு நேராகத்தான் உட்காருவேன் என்றார்; எழுந்தால் வெளியே, நடுவில் எதுவும் தடுக்கக் கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிப் பக்கத்து முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடி வந்தவர்கள். காலியாக இருக்க வேண்டிய இடம் ஆட்களால் நிறைந்திருந்தது.

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் வந்தார். பல்பு தொங்கக் கூடாது, சுவரிலோ கூரையிலோ பதித்திருக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மெயின் சுவிட்ச். விளக்கைப் போட்டுக் காட்டினார், வரிசை முழுக்க எரிந்தது. தண்ணீர் டிரம்களும் மணல் வாளிகளும் வந்து இறங்கின. டிரம்மில் தண்ணீர் நிரப்ப டேங்கர் நாளைக்குத்தான்.

ஏழு மணிக்குத் தூறல். ஆளுக்கொரு கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள், மேஸ்திரி மட்டும் ஒவ்வொன்றாக நுழைந்து கூரையை அண்ணாந்து பார்த்தபடி வந்தார். நான்காவதில் நின்றார். உள்ளங்கையை நீட்டினார். ஒரு சொட்டு. சற்று நேரம் கழித்து இன்னொன்று. பாலிடெக்னிக் பையன் ஒன்றும் பேசாமல் ஸ்பேனரையும் தார் வாஷரையும் எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தான்.

"இருடா. மொதல்ல மெயினை அணைக்கச் சொல்லு."

வரிசை முழுவதும் இருண்டது.