உப்பை அளந்த கருவி

எங்கள் வீட்டு வரவேற்பறையில் 60 லிட்டர் கடல்நீர் கொண்ட மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு கோமாளி மீன்களும் ஒரு கடற்சாமந்தியும் வாழ்கின்றன. மேற்படிப்புக்காக வெளிநாடு சென்ற அக்கா, அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். “தண்ணீரில் உள்ள உப்பின் அளவைக் கவனித்துக்கொள், தம்பி. மீன் வாய் திறந்து சொல்லாது,” என்றார்.

தொட்டியிலிருந்து நீர் நாள்தோறும் ஆவியாகிறது. உப்போ தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. 60 லிட்டர் நீரில் 6 லிட்டர் ஆவியானால், அந்த அளவு ஏறத்தாழ 39 கிராமாக உயர்ந்துவிடும். கடல்மீன்கள் கடல்நீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள்கள் வழியாக வெளியேற்றுகின்றன. நீரில் உப்பு கூடக் கூட, அவற்றின் உடல் கூடுதலாக உழைக்க வேண்டும்.

உப்பை அளக்க நானே ஒரு கருவி செய்யப்போவதாக அப்பாவிடம் கூறினேன்.

“கடையிலேயே வாங்கலாமே?” என்று அவர் கேட்டார்.

“வாங்கலாம், அப்பா. ஆனால், அது எப்படி அளக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்,” என்றேன். அவர் புன்னகையுடன் சம்மதித்தார்.

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். உப்பு நீரில் கரையும்போது அயனிகளாகப் பிரிகிறது. அந்த அயனிகளே மின்சாரத்தைச் சுமந்து செல்கின்றன. எனவே, உப்பு கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும். நான் இரண்டு கிராஃபைட் குச்சிகளை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பொருத்தி, மின்கலத்தால் இயங்கும் ஆர்டுவினோ பலகையுடன் இணைத்தேன். மின்னோட்டம் ஒரே திசையில் பாய்ந்தால், குச்சிகளில் வாயுக் குமிழிகள் சேர்ந்து அளவு பிறழும். ஆகவே, அதன் திசை நொடிக்குப் பல நூறு முறை மாறும்படி நிரல் எழுதினேன்.

நீரின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால், அது மின்சாரத்தைக் கடத்தும் திறன் ஏறத்தாழ 2 விழுக்காடு கூடும். அதனால் வெப்பநிலையை அளக்கும் உணரியையும் சேர்த்தேன்.

கருவி எண்களைக் காட்டியது. ஆனால், அந்த எண்களை எதனுடன் ஒப்பிடுவது? மீன் கடைக்காரர் உதவினார். லிட்டருக்கு 30, 35, 40 கிராம் உப்புள்ள நீரைத் தம் கருவியால் சரிபார்த்து, மூன்று புட்டிகளில் தந்தார். ஒவ்வொன்றிலும் குச்சிகளை நனைத்து, கிடைத்த எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

பள்ளி விடுமுறையில் நாங்கள் மூன்று நாள் வெளியூர் சென்று திரும்பினோம். மீன்கள் வழக்கம்போல் நீந்திக்கொண்டிருந்தன. நீர்மட்டம் மட்டும் சற்று இறங்கியிருந்தது. கருவி 37 என்று காட்டியது. காய்ச்சி வடித்த நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அளந்தேன். மறுநாள் மாலை அளவு 35-க்குத் திரும்பியது. சுருங்கியிருந்த கடற்சாமந்தியும் மெல்ல விரிந்தது.

நாளடைவில் குச்சிகளில் படிவு சேரும். எனவே, மாதந்தோறும் அவற்றைத் துடைத்து, இறுக மூடி வைத்துள்ள 35 கிராம் புட்டியில் கருவியைச் சோதிக்கிறேன். ஓர் உயிரைக் காக்கும் கருவியை நம்பத்தான் வேண்டும். அந்த நம்பிக்கை சரியானதுதானா என்று அவ்வப்போது சோதித்தும் பார்க்க வேண்டும்.